நறுக்கி வைத்த தட்டு

போன சனிக்கிழமை பக்கத்து ஊர் லகாட்டிலிருந்து ஒரு நண்பர் ஈப்போவுக்கு என்னைப் பார்க்க வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் வேலை. கூடவே அவர் மனைவி. இரண்டு பேர் முகத்திலும் பயணம் போகிற களை. பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்டீமரில் போகப் போகிறார்களாம் — அதுவும் முதல் வகுப்பில்.

என்னிடம் எதற்கு வந்தார்கள்? யோசனை கேட்க. அவர்களுக்குத் தெரிந்த தமிழர்களில் முதல் வகுப்பில் கப்பலேறியவன் நான் ஒருவன்தான். மனைவியோடு போய் வந்தேன். அதைப் பற்றி வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே எழுதியும் இருக்கிறேன். மூன்று வருஷம் இருக்கும்.

டிரெஸ்ஸர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து போன காகிதம். பார்த்தால், என் பத்தி.

"வெட்டி வச்சிருக்கேன் அண்ணே. எத்தனை பேருக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன் தெரியுமா?"

"இதைப் படிச்சுட்டு என்னை ரெண்டு டின் முறுக்கு சுட வச்சாரு" என்றார் அவர் மனைவி. "ரொட்டி, வாழைப்பழம், புளிச்சோறு வேற. கப்பல்ல ஒரு வாய் சாப்பிடக் கூடாதாம். டிக்கெட்டு எதுக்கு எடுத்தீங்கன்னு கேட்டா, கடல் பார்க்கவாம்."

"சாப்பிடலாம்லா. ஆனா துண்டு போட்டுக் கொண்டாந்தான்னு வை, தட்டை அப்படியே அவன் மூஞ்சியில..."

டிரெஸ்ஸர் வீசுவது போலக் கையைக் காட்டினார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

"பார்த்து இருங்க" என்றேன்.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். எனக்கு வைத்த காப்பி ஆறிக் கிடந்தது. உள்ளேயிருந்து என் மனைவி வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

வாசகர்களே, அந்தப் பத்தி பொய்.

என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். ஆனால் பார்த்ததற்கு அர்த்தம் வேறு என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணி வேலை பார்த்தவன் நான். கிராணிக்கு என்ன வேலை? கணக்கு எழுதுவது என்பார்கள். இல்லை. சந்தேகப்படுவதுதான் வேலை. விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போதே ஆரம்பித்துவிடும். இவன் காய்ச்சல் என்கிறானே, நிஜமாகவா? அவள் வாளியில் ரப்பர் பால் இவ்வளவு இருக்கிறதே, தண்ணீர் ஊற்றினாளோ? வாளியில் விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் கலந்தவர் வாளியிலும் விடுவேன், கலக்காதவர் வாளியிலும் விடுவேன்.

ஓய்வு பெற்ற அன்று துரை என் கையைக் குலுக்கி, அன்பளிப்பாக இரண்டு கப்பல் டிக்கெட் கொடுத்தார். அதையும் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்த்தேன்.

கப்பல் எப்படி? சொர்க்கம் என்று சொன்னால் மிகையில்லை. வெள்ளைப் பெயின்ட், பளபளக்கும் பித்தளை, கேபினுக்குள்ளேயே மின்விசிறி. வெந்நீர் வேண்டுமா, வந்து நிற்கும். மேல் தளத்தில் சாய்வு நாற்காலியை நிழல் போகிற பக்கமாக நகர்த்திப் போடுவதற்கும் ஓர் ஆள்.

எங்களுக்கு வாய்த்தவர் ஹைனான் சீனர். நரைத்த தலை, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. கப்பலில் பரிமாறுகிறவர்களை, வயது என்னவானாலும், இங்கிலீஷில் பையன் என்று பொருள்பட 'பாய்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அவருக்கு என் வயது. நானும் 'பாய்' என்றுதான் கூப்பிட்டேன்.

நான் கதவருகே போகும் முன்பே கதவைத் திறந்தார். என் மனைவி தாகம் என்று நினைக்கும் முன்பே தண்ணீர் வந்தது. எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? இவ்வளவு பணிவு எதற்கு? இவன் எதற்கு அடி போடுகிறான்? கேபினுக்குத் திரும்பும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

"நல்ல மனுசருங்க அவரு" என்றாள் என் மனைவி.

"நீ எல்லாரையும் நல்ல மனுசன்னுதான் சொல்லுவே."

"உங்களையும் சொல்றேனே."

முதல் நாள் பகல் சாப்பாடு. சாப்பாட்டு சலூனில் வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்களுடைய மேம்களும், தவுக்கே எனப்படும் சீன முதலாளிமார் இருவரும். தமிழர்கள் நாங்கள் இருவர் மட்டும். எங்களுக்குச் சமையலறைக் கதவை ஒட்டிய மேஜை. ஏன் அந்த மேஜை? அதுவும் மனதில் ஒரு மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

என் மனைவி சோறும் மீன் கறியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கரண்டியால் நிம்மதியாகச் சாப்பிட்டாள். எனக்கு ஆட்டு சாப்ஸ். ஒரு பக்கம் கத்தி, ஒரு பக்கம் முள்கரண்டி. முப்பது வருஷம் துரைக்கு ஒரு பிழை இல்லாமல் இங்கிலீஷ் கடிதம் எழுதியவன் நான். ஆனால் துரையோடு ஒருநாள் உட்கார்ந்து சாப்பிட்டவன் இல்லை. வீட்டில் கை இருக்கிறது, கத்தி எதற்கு?

அழுத்தி ஒரு வெட்டு வெட்டினேன். சாப்ஸ் தட்டைவிட்டுக் கிளம்பியது. தரையில் வழுக்கிக்கொண்டு போய் ஒரு மேமின் வெள்ளைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது.

அந்த ஹைனான்காரர் தம் தோளில் கிடந்த துணியை நழுவவிட்டார். தவறி விழுந்தது போல அது சாப்ஸின் மேல் விழுந்தது. குனிந்து இரண்டையும் சேர்த்து எடுத்தார். உள்ளே போனார். வேறு தட்டோடு வந்தார். மேமுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. எனக்கு அந்தச் சிரிக்காத முகம்தான் உறுத்தியது. உள்ளே போய் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான் என்று முடிவு கட்டினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு வந்த இறைச்சி நறுக்கி வந்தது. சின்னச் சின்னத் துண்டாக. முள்கரண்டியால் குத்தி எடுத்தால் போதும். மறுநாள் காலை ரொட்டியும் அப்படியே, முட்டையும் அப்படியே. மற்ற மேஜைகளைப் பார்த்தேன். எல்லோருக்கும் முழுசு முழுசாகப் போயிருந்தது.

நமக்கு மட்டும் ஏன் துண்டு?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் துரை பங்களாவிலிருந்து எனக்கு ஒரு தட்டு வரும். கேக், கோழி, வான்கோழி... எல்லாம் துண்டு துண்டாக. விருந்தாளிகள் சாப்பிட்டு மிஞ்சியது அது. எனக்குத் தெரியும். "துரை நமக்குன்னே அனுப்பியிருக்காரு" என்று சொல்லி மனைவியிடம் கொடுப்பேன். அவளும் வாங்கி வைப்பாள். முப்பது கிறிஸ்துமஸ் அந்த எச்சிலை மரியாதை என்று சொல்லிச் சாப்பிட்டவனுக்கு, துண்டாக வந்த கறியைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்?

இரண்டாம் நாள் காலை, கேபின் வாசலில் என் மனைவியும் அந்த மனிதரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் எல்லோரும் பேசும் பசார் மலாய் அவளுக்கு நன்றாக வரும். என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன கேக்கிறான்? காசா?"

"ஒண்ணுமில்லைங்க. சாப்பாடு பிடிச்சிருக்கான்னு கேட்டாரு."

அன்று பகல் சாப்பாடு. பக்கத்து மேஜைத் துரை கோழியைப் பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். அந்த ஹைனான்காரர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. என் தட்டு வந்தது. கோழி. நறுக்கிய கோழி.

நான் எழுந்து நின்றேன். பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் மேலாளான சீஃப் ஸ்டூவர்டைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார், சிவந்த முகத்து வெள்ளைக்காரர். என் இங்கிலீஷ் அன்றைக்குப் போல என்றைக்கும் ஓடியதில்லை. மற்றவர்கள் கடித்த மிச்சத்தை எங்களுக்குப் பரிமாறுகிறான் இந்த ஆள் என்றேன். சலூனில் கத்தி, முள்கரண்டிச் சத்தம் நின்றது.

"இந்தக் கோழியை யார் நறுக்கியது?" என்று சீஃப் ஸ்டூவர்ட் கேட்டார்.

"சாயா, துவான்." நான்தான் என்றார் அவர்.

"ஏன்?"

ஹைனான்காரர் என் மனைவியை ஒருமுறை பார்த்தார். அவள் தலையைக் குனிந்து தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயா சாலா, துவான்" என்றார். தப்பு என்னுடையதுதான் ஐயா... அவ்வளவுதான்.

வெள்ளைக் கோட்டை அங்கேயே கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். சிங்கப்பூர் போனதும் இறங்கிவிட வேண்டும், இனி வேலை இல்லை. கோட்டை நான்காக மடித்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். சீஃப் ஸ்டூவர்ட் என்னிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். வேறு ஆள் புதுத் தட்டு கொண்டுவந்து வைத்தான்.

முழுக் கோழித் தொடை.

நான் கத்தியைப் பார்த்தேன். முள்கரண்டியைப் பார்த்தேன். சலூன் முழுவதும் என்னைப் பார்த்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் மனைவி பக்கத்தில் வந்தாள்.

"நான்தாங்க நறுக்கச் சொன்னேன்."

"என்னது?"

"முத நாளு நீங்க பட்ட பாட்டைப் பார்த்தேன். அவருகிட்டப் போயி, எங்க வீட்டுக்காரருக்கு உள்ளேயே வெட்டிக் கொண்டாங்க, அவருக்குத் தெரிய வேணாம், யாருக்கும் சொல்ல வேணாம்னு கேட்டேன். சரின்னாரு. பேப்பர்ல மடிச்சு வச்ச மாதிரி ரகசியமா வச்சிருந்தாரு மனுசன்."

"அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு? அத்தனை வெள்ளைக்காரனுக்கு முன்னாடி, என் புருசனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதுன்னா?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வேலையைப் பறிப்பாங்கன்னு நான் நினைக்கலைங்க. இப்ப நீங்க போயிச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

போனேன். சீஃப் ஸ்டூவர்டின் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து, என்ன வேண்டும் என்றார்.

ஒரு வரிதான் சொல்ல வேண்டும். எனக்குக் கத்தியால் சாப்பிடத் தெரியாது, அவர் எனக்கு உதவி செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வருகிற இங்கிலீஷ்.

"சிங்கப்பூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டேன்.

"காலை ஏழு மணிக்கு."

"தேங்க் யூ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுபடி ஒருமுறை போனேன். அப்போதும் கதவு திறந்துதான் இருந்தது. அந்தத் தடவை கேட்பதற்கு எதுவும் கிடைக்காமல், கதவைத் தாண்டி நடந்துவிட்டேன். சொல்லியாகிவிட்டதா என்று என் மனைவி கேட்டாள். அவர் அறையில் இல்லை என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சரியாகக் கப்பல் சிங்கப்பூரைச் சேர்ந்தது. ஏணியில் எங்களுக்கு முன்னால் அவர் இறங்கிக்கொண்டிருந்தார். கறுப்புச் சட்டை, கையில் துணி மூட்டை. கோட்டு இல்லாமல் இன்னும் வயதானவராகத் தெரிந்தார். கீழே போய் நின்று திரும்பினார். என் மனைவிக்குத் தலையசைத்தார். அவள் கைகூப்பினாள். என்னையும் பார்த்தார். நான் டிரங்குப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈப்போ திரும்பிய வாரமே அந்தப் பத்தியை எழுதினேன். 'கப்பல் சாப்பாடு: எச்சரிக்கை' என்று தலைப்பு. நறுக்கி வந்தால் அது அடுத்தவர் எச்சில், தொடாதீர்கள் என்று எழுதியிருந்தேன். ஏன் எழுதினேன்? எழுதி அச்சில் வந்துவிட்டால் அதுவே உண்மை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அதுவரை வாராவாரம் என் பத்தியை முதலில் படிப்பவள் என் மனைவி. அந்த வாரம் பாதி படித்தாள். மடித்து வைத்தாள். மூன்று வருஷமாகப் படிக்கவில்லை.

இப்போது டிரெஸ்ஸர் அதைப் பையில் வைத்துக்கொண்டு கப்பலேறப் போகிறார். இன்னொரு தட்டு, இன்னொரு மனிதர், இன்னொரு வெள்ளைக் கோட்டு... அன்று கதவு வரை போய்த் திரும்பியது போதும். இந்த இதழ் வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வரும். டிரெஸ்ஸர் புறப்படுவது ஞாயிற்றுக்கிழமை. டிரெஸ்ஸரே, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். முறுக்கை வேண்டுமானால் எடுத்துப் போங்கள்.

இதை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்பும் முன் மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள்.

"அவரு பேரை எழுதலையே" என்றாள்.

"எனக்குத் தெரியாது. நான் கேக்கலை."

"ஆ குவான். மூணு பொம்பளைப் பிள்ளைங்க, மூணும் ஹைனான்ல இருக்கு. எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஆ குவான். நரைத்த தலை, என் வயது. வேறு கப்பல் ஏதாவது அவரைச் சேர்த்துக்கொண்டிருந்து, அதில் நீங்கள் ஏறினால், அவர் கொண்டுவந்து வைப்பதை நம்பிச் சாப்பிடுங்கள். என் பெயரைச் சொல்லி அவரிடம் விசாரியுங்கள் — என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டார். அன்றைக்கே சொல்லாதவர்.