பொம்பருக்கு அடித்த பெயின்ட்

ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடக் கூரைக்கு மேலால் ஒரு ஜெட் போனது. சத்தம் அடங்கியபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். வெண்கட்டி இன்னும் கையில் இருந்தது. பிள்ளைகள் முதலில் திகைத்தார்கள், பிறகு சிரித்தார்கள். நாற்பது தாண்டிய வாத்தியார் மேசைக்கடியிலிருந்து ஊர்ந்து வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? என் மானம் கப்பலேறிவிட்டது.

மன்னாரில் சிறுவனாக இருந்த காலத்தில், குண்டு போடும் பொம்பர் வந்தால் உம்மா என் கழுத்தைப் பிடித்து பங்கர்க் குழிக்குள் தள்ளுவா. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது புத்தளத்துக்கு வந்தோம். அங்கே தில்லையடியில் வீடு கட்டினோம். சண்டையும் முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. என் கழுத்துக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பயிற்சிக்காக எப்போதாவது ஒரு ஜெட் போனாலும் தலை தானாகக் குனிந்துவிடும். ஒரு தடவைகூட நான் அதை அண்ணாந்து பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் முடிவெடுத்தேன். அடுத்த முறை நிமிர்ந்து நின்று பார்ப்பது. அதற்கு முதல், இது என்ன சாமான் என்று உள்ளும் புறமும் அறிந்துகொள்வது. கட்டாரில் வேலை செய்யும் என் மனைவியின் தம்பியிடம், இங்கே பறக்கிற அதே வகை ஜெட்டின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று கேட்டேன். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், நாங்கள்தான் பொருத்தி பெயின்ட் அடிக்க வேண்டும். லீவில் வந்தவன் பெட்டியை நீட்டிக்கொண்டே கேட்டான்.

"மகனுக்கா மச்சான்?"

"இல்ல, எனக்கு."

மூடியில் ஜெட்டின் படம் பெரிதாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

சிறகு, வால், சக்கரம் என்று ஒவ்வொன்றாகச் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறைத் தேய்த்து, ஒட்டினேன். விமானி என் சின்னவிரல் நகத்தளவுதான் இருந்தான். இவனுக்காகவா இத்தனை காலம் ஓடினேன் என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே அவனை இருக்கையில் வைத்து ஒட்டினேன்.

பெயின்ட் அடிக்கிற நேரம் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. யன்னலைப் பூட்டினாலும் மணல் உள்ளே வரும், ஈரப் பெயின்ட்டில் வந்து குந்தும். படுக்கைக்குக் கட்டும் நுளம்பு வலையைக் கட்டி, அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"நுளம்புக்குக் குண்டு போடப் போறீங்களா?"

அன்றிரவே முதல் பூச்சை முடித்தேன். விடிய எழுந்து பார்த்தால், சாம்பல் பெயின்ட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பெயின்ட்டைக் கரைத்தது எங்கள் கிணற்றுத் தண்ணீரில். அந்த உப்புத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலையே வெள்ளையாக்கிவிடும், என் சிறகை மட்டும் சும்மா விடுமா? இவ்வளவு காலம் அந்தத் தண்ணீரில் குளித்த எனக்கு இது உறைக்கவில்லை. சாண்ட்பேப்பரை எடுத்து, விரல் தோல் எரிய எரிய எல்லாவற்றையும் தேய்த்தேன். தொடங்கிய வேலையை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் முறை கரைத்தது குடிப்பதற்கென்று கேனில் வாங்கும் ஃபில்டர் தண்ணீரில். மனைவிக்கு வந்ததே கோபம்.

"சனம் குடிக்கத் தண்ணியில்லாம கேனோட வரிசையில நிக்கிது. நீங்க பிளேனைக் குளிப்பாட்டுறீங்க! இன்னொருக்கா அந்தக் கேன்ல கை வச்சீங்கண்டா அடுத்த பொம்பர் நான்தான்."

பெட்டியோடு வந்த தாளில் நிறங்கள் போட்டிருந்தன, ஆனால் அவை வேறு நாட்டு விமானத்துக்கு உரியவை. எங்கள் ஊருக்கு மேலால் போவதன் நிறத்தை ஞாபகத்திலிருந்துதான் கலந்தேன். பங்கருக்குள் இருந்த ஞாபகத்தில் அது இருட்டு. சாம்பலில் கறுப்பை ஊற்றி ஊற்றிக் கலந்து, ஜெட்டின் வயிற்றுக்கும் அதையே அடித்தேன். காய்ந்ததும் அலுமாரிக்கு மேல் வைத்து, "முடிஞ்சுது" என்றேன்.

சில கிழமைகள் கழித்து, இடைவேளையில் மைதானத்தில் நின்றபோது சத்தம் வந்தது. கழுத்து வழக்கம்போலக் குனிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், ஆனால் தலை நிமிரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வானத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெட் கடற்கரைக் களப்புப் பக்கமாகத் திரும்பி மறுபடியும் வந்தது. இந்த முறை அண்ணாந்தேன்.

நான் இரண்டு தரம் தேய்த்த அதே சிறகு. அதே வால். வயிறோ வெளிறிய சாம்பல், கிட்டத்தட்ட மேகத்தின் நிறம்.

"சீ, பிழையா அடிச்சிட்டனே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"என்ன சேர்?" என்றாள் ஒருத்தி.

"ஒண்டுமில்ல. வகுப்புக்குப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் அலுமாரிக்கு மேலிருந்து ஜெட்டை இறக்கினேன். வெள்ளைப் பெயின்ட்டைத் திறப்பதை மனைவி கண்டுவிட்டாள்.

"முடிஞ்சுதெண்டீங்களே?"

"நிறம் பிழை."

"ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நான் பார்த்தன்."

 அவள் குசினிக்குப் போய், கேனிலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து பெயின்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.