மலைக்கு வேர் வைத்தவர்

பாஸ்கர் அண்ணன் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்... ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவர் செய்த படம் ஒரு தடவையாவது உங்கள் போனுக்கு வந்திருக்கும். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் அவரும் நானும் போட்டோஷாப் வேலை பார்த்தோம். கல்யாண ஆல்பம், காதுகுத்து பேனர்... செத்துப்போன அப்பாவை மகள் கல்யாண போட்டோவில் நிற்க வைப்பது.

அந்த வேலை முடிந்ததும் தனக்கென்று படம் செய்வார். வேங்கிக்கால் ஏரியை ஒரு ஆள் புடவை மாதிரி மடித்து இஸ்திரி போடுவார், ஒரு படத்தில். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத. மடிச்சு ஓரமா வச்சுட்டா பிளாட் போட்டுருவாங்கல்ல" என்றார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் போனுக்கு வந்திருக்கும் என்றேனே, அந்த மலைப் படமும் அப்படிச் செய்ததுதான். மலை தரையை விட்டு எழும்பி நிற்கும், அடியில் வேர்கள் தொங்கும், கீழே ஒரு ஆள் குடத்தோடு நின்று அந்த வேர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

வேர்கள், ரோடு போடுவதற்காகச் சாய்த்த ஒரு புளியமரத்தை அவர் எடுத்த போட்டோவிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றையும் கண் எரிய எரிய வெட்டி எடுத்து ஒட்டினார். குடத்தோடு நிற்கிற ஆள் அவரேதான், கேமராவில் டைமர் வைத்து எடுத்தது.

இதே முகநூலில்தான் போட்டார். யாரோ ஒரு புண்ணியவான் கீழே நின்ற ஆளை மட்டும் வெட்டிவிட்டு, 'தீபத்தன்று மலை எழும்பிய அபூர்வக் காட்சி, உடனே பத்து பேருக்கு அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான்.

அடுத்த பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் அதை ஃபிரேம் போட்டு விற்றார்கள். அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், எப்படிச் செய்தேன் பாருங்கள் என்று கடைக்காரரிடம் மலை தனி, வேர் தனி என்று ஒவ்வொரு லேயராகக் காட்டியிருக்கிறார்.

"சாமி காட்சி குடுத்தத கம்ப்யூட்டர்ல பண்ணேன்றியா? வாய் அழுகிடும்" என்றாராம் கடைக்காரர்.

விஷயம் ஸ்டுடியோவுக்கும் வந்தது. "கஸ்டமருங்க ஒரு மாதிரி பேசுறாங்கப்பா. கொஞ்ச நாள் வராத" என்றார் ஓனர். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

சரி, படித்தவர்களாவது புரிந்துகொள்வார்கள் என்று ஒரு போட்டோ கண்காட்சிக்கு முழுப் படத்தையும் கொண்டுபோனார். அங்கே இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏஐ-தானே இது? அதெல்லாம் எடுக்கறதில்லைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு போன் செய்தார். "ஒருத்தன் சாமி பண்ணுச்சுன்றான். ஒருத்தன் மெஷின் பண்ணுச்சுன்றான். நான் பண்ணேன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேன்றான்."

சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் தனக்கென்று ஒரு படம்கூடச் செய்யவில்லை.

இன்று மதியம் அடி அண்ணாமலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

தலைமாட்டில் அந்த மலைப் படம், மாலை போட்டு. பக்கத்து வீட்டு அம்மா கிரிவலப் பாதையில் வாங்கித் தன் பூஜை அறையில் மாட்டியிருந்ததைக் கொண்டுவந்து வைத்தாராம். நல்ல மனசோடுதான் வைத்திருப்பார், அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

வந்தவர்கள் முதலில் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் அண்ணனைப் பார்த்தார்கள்.

அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்துபோய் படத்தை எடுத்தார். மாலையைக் கழற்றி அண்ணன் மேல் வைத்துவிட்டு, படத்தை அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போயிடுங்கக்கா. இதுல அவரு இல்ல."

போயிட்டு வாங்கண்ணா...