அன்புக்கரசியின் பச்சை விளக்கு

நாடகம் பார்க்க வந்தவர்களில் ஒருத்தர்கூட அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிறு கட்டிய செல்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பக்கத்திரைக்குப் பின்னால் இருட்டில் நிற்பாள். விளக்கு எப்போது அணைய வேண்டும், மழை எப்போது பெய்ய வேண்டும், யார் எந்தப் பக்கமிருந்து மேடைக்குள் போக வேண்டும், எல்லாம் அவள் கையில்தான்.

பகலில் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. சாயங்காலமானால் ராஜமாணிக்கம் வாத்தியாரின் நாடகக் குழு. "நடிக்கிறதும் இல்ல, கைதட்டு வாங்குறதும் இல்ல, அங்க போயி என்னாத்தடி கிழிக்கிற?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள். "நான் இல்லன்னா ராஜா வேஷக்காரரு பீடி குடிச்சிக்கினே சபைக்கு வந்துடுவாருக்கா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

அந்தச் செல்போனுக்குள் அவள் ஒரு நாடகக் கொட்டகையையே வைத்திருந்தாள். ஒரு ஆப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டத்தைத் தொட்டால் இடி, இன்னொன்றைத் தொட்டால் நாய் குரைப்பு, இன்னொன்றில் நாதஸ்வரம். மேடைப் பலகை கோணலாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆப்பு. நடிகர்களின் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகிறதா என்று முள் காட்டிச் சொல்கிற ஆப்பு ஒன்று. வசனங்களைத் தன் குரலில் பதிவுசெய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுவாள். கம்மாபுரத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸிலேயே கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு இறங்குவார்கள். ஆரம்பத்தில் கை தடுமாறாமலும் இல்லை. ஒரு சாவுக் காட்சியில் இடிக்குப் பதிலாகச் சேவலைத் தொட்டுவிட்டாள். பிணம் சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு குலுங்கியது. அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் கிண்டல் அடிக்கிறார்கள்.

வாத்தியாருக்கோ செல்போன் என்றாலே ஆகாது. அதற்கும் காரணம் இருந்தது. பக்கத்து மங்களூர்க் கிராமத்தில் நடந்த நாடகத்தில், செத்துக் கிடந்த அம்மாவின் இடுப்பிலிருந்து போன் அலறியது. செத்த அம்மா கையை விட்டு அதை அணைத்தாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து மேடை ஏறும் முன் எல்லார் போனும் ஒரு கூடைக்குள் போய்விடும். அன்புக்கரசியின் போன் மட்டும் தப்பியது. அதுவும் சும்மா இல்லை, மல்லுக்கு நின்று வாங்கிய சலுகை.

நடிகர்களை உள்ளே அனுப்ப வாத்தியார் வைத்திருந்தது ஒரு பீங்கான் மணி. மணி என்பது பெயருக்குத்தான்; அது மின்கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர். சூளையில் கோணிப்போய்க் கழித்துப் போட்டதை எடுத்துவந்து, தன் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் சணலில் தொங்கவிட்டிருந்தார். கரண்டியால் தட்டினால் 'ணங்' என்று கேட்கும். முதல் தட்டுக்குத் தயாராகி நிற்க வேண்டும், அடுத்த தட்டுக்கு உள்ளே போக வேண்டும். பார்க்கிறவர்கள் அதையும் பாட்டோடு சேர்ந்த தாளம் என்று நினைத்துக்கொள்வார்கள். "கரண்டும் வேணாம், டவரும் வேணாம். நம்ம ஊரு பீங்கான்டா!" என்று பெருமை அடித்துக்கொள்வார்.

அந்த மணிக்குத்தான் தங்கதுரை மேடைக்கு வராமல் போனார்.

தங்கதுரை அந்தக் குழுவின் நல்ல நடிகர். தொழிற்பேட்டையில், கல்லையும் மண்ணையும் போட்டு உருட்டி அரைக்கிற பெரிய உருளை மில்லில் வேலை. 'ஊர் மாறுன கல்யாணம்' என்ற நாடகத்தில் அவருக்கு அப்பா வேஷம். சுரங்கத்துக்கு நிலம் போன கோபத்தில் வீட்டை விட்டுப் போன மனுஷன், புது ஊரில் நடக்கிற மகள் கல்யாணத்துக்குக் கடைசி நிமிஷத்தில் வந்து நிற்க வேண்டும். நாடகமே அந்த ஒரு வருகையில்தான் இருக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்தில் மகளாக நடித்த இனியா "எங்கப்பா வருவாரு" என்றாள். மணி அடித்தது. அப்பா வரவில்லை. பாவம் அந்தப் பெண், திரும்பத் திரும்ப "வருவாரு, வருவாரு" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். "உங்கப்பன் பஸ்ஸ வுட்டுட்டாரும்மா!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

"குடிச்சிட்டு வந்திருக்கான்!" என்று வாத்தியார் எல்லார் முன்னாலும் வெடித்தார். தங்கதுரை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேஷத்தைக் கலைத்தார்.

அன்புக்கரசிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. துரையண்ணன் குடித்து அவள் பார்த்ததே இல்லை.

சில நாள் கழித்துத் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளைத் தட்டிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பீங்கான் வேலைக்காரர்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். நல்ல கோப்பை தட்டினால் கணீரென்று பேசும், கீறல் விட்டது 'டொக்'கென்று செத்த சத்தம் போடும். அந்தப் பக்கம் வந்த தங்கதுரையிடம், சத்தம் செத்த ஒரு கோப்பையைத் தட்டிக் காட்டி, "இதக் கேளுண்ணே" என்றாள். அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. அடுக்கு" என்றார்.

பீங்கானிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன் சொல்கிற பேச்சா அது? அன்புக்கரசிக்குப் பகீரென்றது. மத்தியானம் மில் பக்கம் போய், குரல் அளக்கிற அந்த ஆப்பைத் திறந்து பிடித்தாள். மில் இரைச்சலில் முள் சிவப்புக்குப் போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. மில் நின்றதும் அவரை ஓரமாக அழைத்தாள்.

"அண்ணே, எத்தினி நாளா கேக்கல?"

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மொத்தமா கேக்காமல்லாம் இல்ல அரசி. எதிர்ல நின்னு பேசுனா கேக்குது. இந்த மணி, விசிலு, கொசு சத்தம், அதுங்கதான் போயிடுச்சி."

"அத வாத்தியாருகிட்ட சொல்றதுக்கென்னா? குடிகாரன்னு திட்டுறாரு, வாங்கிக்கினு நிக்கிறீங்க?"

"குடிகாரன்னே நெனச்சிக்கட்டும். குடிகாரனுக்கு வேஷம் குடுப்பாங்க. செவுடனுக்கு எவன் குடுப்பான்? யாருகிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு வந்து பொம்மைக் கண் எழுத உட்கார்ந்தாள். அன்றைக்கு எழுதிய பொம்மையெல்லாம் அழுகிற மாதிரியே இருந்தது என்று மேஸ்திரி திட்டினார். மறுநாள் கடைவீதிக்குப் போய்க் காதை மூடுகிற உறை ஒன்று வாங்கிவந்து அவர் கையில் திணித்தாள். "இருக்குறதயாச்சும் காப்பாத்திக்கோங்க" என்றாள்.

அதோடு விடவில்லை. ஒத்திகையில் முதலில் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தாள். போன் திரை முழுக்க ஒரே நிறமாக எரிகிற ஆப்பு ஒன்று உண்டு. சிவப்பு இருந்தால் நிற்க வேண்டும். விரலால் தொட்டால் பச்சையாகும், பச்சைக்குப் போக வேண்டும். தானாக அணையவும் அணையாது. அதைத் தங்கதுரையின் போனிலும் ஏற்றினாள். "வெளக்கயே பாத்துக்கினு நின்னா நடிப்பு எங்கேருந்து வரும்?" என்று அவர் சலித்துக்கொண்டார். பிறகு போனை அதிர்வில் போட்டு அவர் இடுப்பில் செருகச் சொல்லி, இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். ஒருமுறை அதிர்ந்தால் தயார், மறுமுறை அதிர்ந்தால் உள்ளே. அச்சுப் பிசகாமல் வந்து நின்றார்! அன்புக்கரசி குதிக்காத குறை.

வாத்தியார் லேசில் மசியவில்லை. "துரைக்கு மட்டும் போனா? ஏன், அவுரு என்னா கலெக்டரா?"

"புது முறை வாத்தியாரே. ஒரே ஒரு தடவ பாருங்க."

"இந்த மாசி மகத்துக்கு மட்டும். இந்தத் தடவையும் விட்டான்னா அப்பன் வேஷம் கொளஞ்சிநாதனுக்கு. நீயும் பக்கத்திரைய வுட்டுட்டு மேக்கப் பொட்டிகிட்ட போயி ஒக்காந்துக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றாள். குழுவில் சின்ன வேஷம் போடுகிற கொளஞ்சிநாதன் ஏற்கெனவே அப்பா வசனத்தை மனப்பாடம் செய்துவைத்திருந்தது அவளுக்கும் தெரியும்.

மாசி மகத்தன்று மணிமுத்தாற்றங்கரைப் பக்கம் மேடை. சாயங்கால நாடகம். மத்தியானம் சோதித்துப் பார்த்தபோது போன் நன்றாகத்தான் வேலை செய்தது. பொழுது சாயச் சாயச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்து குவிந்தது. எல்லார் கையிலும் போன், எல்லாரும் வீடியோ. கல்யாணக் காட்சிக்கு முந்தின பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு நம்பிக்கைக்காக அன்புக்கரசி தங்கதுரையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கால் போகவில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை. அத்தனை கூட்டத்துக்கும் அந்த டவர் தாங்கவில்லை.

"அடக் கடவுளே!" என்றாள். அந்தக் காட்சியில் குழுவே மேடையில் இருக்கும். எதிர்ப்பக்க இருட்டில் தங்கதுரை தனியாள். நாதஸ்வரச் சத்தத்தில் இனியா பேசுவதும் அவர் காதில் விழாது. இந்தப் பக்கம் ஆர்மோனியத்தோடு வாத்தியார். சத்தமும் விளக்கும் இவள் கையில், இடத்தை விட்டு நகர முடியாது.

பாட்டு முடிவதற்குள் பின்திரைக்குப் பின்னால் ஓடினாள். தங்கதுரையின் முகத்துக்கு நேராக நின்று வாயை அசைத்தாள். "டவரு இல்லண்ணே. எதிர்ப்பக்கம் பாருங்க. செவப்புக்கு நில்லுங்க, பச்சைக்கு வாங்க." அவர் இடுப்பிலிருந்த போனை உருவிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். தன் போனில் நாதஸ்வரத்தைத் தொட்டாள், மற்றக் கையால் கல்யாண விளக்கை ஏற்றினாள். மூன்றாவது கைக்கு எங்கே போவது?

"வாத்தியாரே, இதப் புடிங்க." சிவப்பாக எரிந்த தங்கதுரையின் போனை நீட்டினாள். "எதிர்ப்பக்கம் காட்டுங்க. நான் சொல்றப்ப தொடுங்க, பச்ச வரும்."

"மணி இருக்கும்போது இதெதுக்கு?" அவர் கரண்டியைத் தூக்கினார்.

அன்புக்கரசி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வாத்தியார் கையைப் பிடித்தவர்கள் அந்தக் குழுவில் யாரும் இல்லை.

"அவருக்கு மணி கேக்காது வாத்தியாரே. குடியும் இல்ல, கொழுப்பும் இல்ல. மில்லு காதத் தின்னுடுச்சி. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. சொல்லிட்டேன்."

மேடையில் இனியா மாலையோடு முன்னால் வந்தாள். வாத்தியார் கரண்டியை ஆர்மோனியத்தின் மேல் வைத்தார், போனை வாங்கினார், எதிர்ப்பக்க இருட்டைப் பார்த்து உயர்த்திப் பிடித்தார்.

"முகூர்த்தம் தாண்டுனாலும் பரவால்ல. எங்கப்பா வருவாரு!" என்றாள் இனியா.

"தொடுங்க!"

"எங்க தொடணும்?"

"எங்க வேணா தொடுங்க!"

பச்சை எரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமில்லை. பிறகு எதிர்ப்பக்கத் திரை விலகி, தோளில் துண்டும் காலில் புழுதியுமாக அப்பா வந்து நின்றார். "வந்துட்டாருடி!" என்று முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னாள். இனியா உண்மையிலேயே அழுதாள். வாத்தியார் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் ஆர்மோனியத்தைத் தேடினார். சுருதி கொஞ்சம் பிசகியது. யாரும் கவனிக்கவில்லை. கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது.

நாடகம் முடிந்து எல்லாரும் மேடைக்குப் பின்னாலிருந்த வேஷக் கொட்டகைக்குள் போனார்கள். தங்கதுரை மட்டும் போகவில்லை. அரிதாரத்தோடு வெளியே தண்ணீர் டிரம்மின் அருகே நின்றார். அன்புக்கரசி அவரிடம் போனாள்.

"சொல்லிட்ட, இல்ல?"

"சொல்லிட்டேண்ணே. சத்தியத்த மீறிட்டேன். எவ்ளோ வேணா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. "இன்னிக்கி நல்லா வந்துடுச்சி, அது போதும். இனிமே கொளஞ்சிநாதனே பண்ணட்டும். அவனுக்குக் காது நல்லா கேக்குது. என் சட்டைய மட்டும் எடுத்தாந்து குடு, நான் வூட்டுக்குப் போயிட்டு வரேன்."

அன்புக்கரசி சட்டையை எடுக்கப் போகவில்லை, அங்கேயே நின்றாள்.

கொட்டகை வாசல் படுதாவை விலக்கிக்கொண்டு வாத்தியார் வந்தார். கையில் இன்னும் தங்கதுரையின் போன். அணைக்கத் தெரியாமல் எங்கெங்கோ தொட்டிருக்கிறார், அது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"ஊரு முழுக்கக் குடிகாரன்னு சொல்லிட்டனே, அரசி" என்றார். தங்கதுரைக்கு அது கேட்டிருக்காது. தூரம் அதிகம், முகமும் பாதி இருட்டு. அன்புக்கரசி தங்கதுரையின் தோளைத் தொட்டுக் கொட்டகை வாசலைக் காட்டினாள்.

வாத்தியார் போனை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் தானே விரலை வைத்துத் தொட்டார். பச்சை எரிந்தது. அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.

தங்கதுரை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அரிதாரம் கலைந்து கன்னமெல்லாம் ஈஷிக்கொண்டது. பிறகு நடந்தார். அவர் குனிந்து கொட்டகைக்குள் நுழைகிறவரை வாத்தியார் கையை இறக்கவில்லை.