மூன்று சுனைகளின் வழிகாட்டி

அந்த மலையில் பத்தொன்பது வருடம் வழிகாட்டியாகக் குப்பை கொட்டியவரை ஊரில் எல்லோரும் 'திசைகாட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூன்று சுனைகளையும் காட்டிவிட்டு வருவேன் என்று பீற்றிக்கொள்வார். கடைக்கு அனுப்பினால் பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டு வழி கேட்டு போன் பண்ணுகிற மனுஷன் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் மூச்சு விடமாட்டாள்.

போன கோடையில் காட்டுத்தீ மலையை மொட்டையடித்துவிட்டது. இந்தக் கோடையில் பாதையைத் திறந்ததும் முதல் ஆளாக வந்தவர், வருடம் தவறாமல் வருகிற ஓய்வுபெற்ற புவியியல் டீச்சர்.

வெயில் மண்டையைப் பிளந்தது. மரங்கள் கரிக்கட்டையாக நின்றன, நிழலுக்கு வழியில்லை. ஆனால் அடிமரங்களில் துளிர் கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்தது. சாம்பலுக்குள்ளிருந்து புல் எட்டிப் பார்த்தது. டீச்சர் நின்று நின்று குறிப்பெழுதினார். அடையாளம் வைத்திருந்த மரம் ஒன்றையும் காணாத திசைகாட்டி, எல்லாம் தெரிந்தவர் மாதிரி குத்துமதிப்பாக முன்னால் நடந்தார்.

எப்படியோ முதல் சுனைக்கு வந்துவிட்டார்கள். முகம் கழுவி நிமிர்ந்த திசைகாட்டி அப்படியே உறைந்துபோனார். சுனைக்கு ஒரு எண் என்று பாறைகளில் உளியால் வெட்டி வைத்தவர் அவரேதான். பக்கத்துப் பாறையில் 1. எதிர்க்கரையில் 2. இடப்பக்கக் கரையில் 3. புதர் மண்டிக் கிடந்த காலத்தில், மணிக்கணக்கில் சுற்றி நடந்து, ஒரே சுனைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறார்!

டீச்சரும் பார்த்துவிட்டார். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

தெரிந்தே சுற்ற வைத்தேன் என்றால் மோசடிக்காரன். தெரியாது என்றால் முட்டாள்; முட்டாள் வழிகாட்டியை நம்பி எவன் மலையேறுவான்? பிழைப்பே போச்சு. திசைகாட்டி அழாத குறையாக முட்டாளாகவே இருந்துவிடலாம் என்று முடிவு பண்ணினார்.

"சத்தியமா எனக்கே தெரியாதுங்க டீச்சர். தயவுசெஞ்சு வெளியே..."

"ஐயோ, நீங்க வெளியே சொல்லிடாதீங்க! கையெடுத்துக் கும்பிடறேன்."

"நானா? நான் ஏங்க சொல்லப்போறேன்?"

"மூணு சுனைத் தண்ணிக்கும் ருசி வேற வேறன்னு பதினோரு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். மூணாவதுதான் இனிப்புன்னு நோட்ஸ் வேற கொடுத்தேன். பரீட்சையில ஒரு பொண்ணு, நானே போய்க் குடிச்சுப் பார்த்தேன், மூணும் ஒரே தண்ணி மாதிரி இருக்குன்னு எழுதினா. முட்டை போட்டேன். அழுதுக்கிட்டே போனா, பாவம்."