கணபதியில் கஷாயப் பம்ப்

வீட்டில் பீர் காய்ச்ச, கொதித்த தானியச் சாற்றைப் பம்ப் தள்ள, தகடு சில்லர் என்ற குளிர்விக்கும் கருவி நொடியில் ஆற்ற வேண்டும். ஓட்டம் குறைந்து, மெல்ல ஆறி, இரண்டு முறை பீர் புளித்துவிட்டது. மூன்றாவதும் புளித்தால் காய்ச்சுவதையே விட்டுவிடுவேன். பெங்களூரிலிருந்து எட்டு மணி நேரம் பம்பையும் சில்லரையும் மடியில் சுமந்து, கோவை கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் நிற்கிறேன்.

"எதுக்குங்க இது?" என்கிறார் பட்டறைக்காரர்.

"கஷாயம் ஆற்ற."

வாளித் தண்ணீரில் பம்ப் நன்றாகவே இறைக்கிறது. சில்லரின் வெளிவாயில் குழாயை மாட்டி, தண்ணீரை எதிர்ப்பக்கமாக விடுகிறார். கசப்புக்குப் போட்ட ஹாப்ஸ் பூச்சக்கை பச்சையாகக் கொட்டுகிறது. முகர்ந்து பார்க்கிறார்.

"பம்பு மேல குத்தமில்லீங்க. வடிகட்டாம உட்டுப்போட்டீங்க. துணி கட்டி உடுங்க."

ஒரு துண்டுத் துணிக்கா இத்தனை தூரம்? பையைத் தூக்குகிறேன்.

"ஏனுங்க, எங்க மச்சான் ராத்திரில ஒளிச்சு வச்சுக் காய்ச்சற கசாயமும் இதே வாசந்தானுங்க."