மகன் வயதில் நான் கூட்டிய ஆறு மாதம்

விசா ஏஜெண்ட் வெற்றிலை எச்சிலை மேசைக்கடியில் இருந்த டப்பாவில் துப்பினார். வாயைத் துடைத்த அதே விரலால் என் மகனுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். எனக்குச் சீ என்றிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஒரு மடிப்பு விழாமல் நான் கொண்டுபோன தாள் அது. அதன் ஓரத்தில் இப்போது சிவப்பாக ஒரு தடம்.

“இதுல நவம்பர்னு இருக்கு. பாஸ்போர்ட்ல மே. எது நெசம்?” என்றார்.

“நவம்பர்தான் அண்ணாச்சி நெசம்.”

“அப்போ மே எங்கன இருந்து வந்துச்சு?”

நான் சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் என்னைப் பார்த்தான்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் இருபது வருஷம் சரக்குக் கப்பல்களில் வெல்டராக ஓடியவர். பிறகு கனடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் கரைவேலை கிடைத்துப் போனார். அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க விண்ணப்பிக்கலாம் என்று ஆனதும் என்னையும் மகனையும் மகளையும் சேர்த்தே போடச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பம் போய்ச் சேருகிற நாளில் இருபத்திரண்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. நிறைந்துவிட்டால் குடும்பத்துப் பிள்ளை என்ற கணக்கு முடிந்தது, தனி ஆளாகத் தகுதி தேடித் தனியாக வரிசையில் நிற்க வேண்டும். நாங்கள் ஏஜெண்டிடம் போனது பிப்ரவரியில். பாஸ்போர்ட்படி மகனுக்கு மூன்று மாதம்தான் மிச்சம். நிஜத்தில் ஒன்பது மாதம் இருந்தது. ஆனால் இரண்டு தாளிலும் தேதி ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். அவன் எப்படியும் போகத்தானே போகிறோம் என்று துறைமுகத்தில் கிரேன் கம்பெனி கூப்பிட்ட வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தான்.

மே எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

கப்பல்காரன் வீட்டில் எல்லாமே லீவுக்குள் நடக்க வேண்டும். ஞானஸ்நானம், பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை, கல்யாணம், வீட்டுக்குத் தளம் போடுவது, சண்டை போடுவது கூட அந்த மூன்று மாதத்துக்குள்தான். எங்கள் தெருவில் தகப்பன் கரைக்கு வரட்டும் என்று காத்திருந்து, நடக்கிற வயதில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள் உண்டு. அந்த வருஷம் ஜூன் மாதம் என் வீட்டுக்காரர் கரையில் இருந்தார். பத்து நாளில் மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். மகனை ஒன்றாம் வகுப்பில் தன் கையால் சேர்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். யூனிபார்ம் தைத்து, பை வாங்கி, தலையில் எண்ணெய் வழிய வழியப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனோம்.

அலுவலகத்தில் இருந்த கிளார்க் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். “நாலரைதான் ஆவுது. ஜூலைக்குள்ள அஞ்சு முடியணும்மா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வா” என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. அடுத்த ஜூனில் அவர் எந்தக் கடலில் இருப்பாரோ.

“சார், மே மாசம்னு போட்டுக்கிடுங்க” என்றேன் நான். தேதி கேட்டார், வாயில் வந்ததைச் சொன்னேன். சர்ட்டிபிகேட் எங்கே என்றார். “எங்கம்மா வீட்டுல இருக்கு, பெறவு கொண்டாரேன்” என்றேன். கையெழுத்தும் போட்டேன். பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் கொண்டுபோகவில்லை.

ஆட்டோவில் வரும்போது அவர் சிரித்துக்கொண்டே, “கில்லாடிளா நீ” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமை. தெருவில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அதையே செய்தார்கள். அந்த மே மாதம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஏறியது, ஆதாரில் ஏறியது, பாஸ்போர்ட்டில் ஏறி உட்கார்ந்தது.

நிஜமோ நவம்பர். புன்னைக்காயலில் என் அம்மா வீட்டில், ஊருக்கு வருகிற ரோடு மழைவெள்ளத்தில் முங்கிக் கிடந்தபோது, கிராம நர்ஸ் கையில் பிறந்தான். வெள்ளம் வடிந்ததும் என் தம்பி போய் ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தான். வீட்டில் யோக்கியமான ஒரே தாள் அதுதான்.

ஏஜெண்டிடம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் சிரித்தார். “இதுக்கா தங்கச்சி இம்புட்டு யோசனை? மேன்னு போட்டு ஒரு சர்ட்டிபிகேட் பண்ணிருவோம். சீல், கையெழுத்து எல்லாம் அச்சு அசலா இருக்கும். நம்மகிட்ட ஆள் இருக்கு.”

“அங்க கண்டுபிடிச்சான்னா என் வீட்டுக்காரரையும் சேத்துல்லா வெளிய தள்ளுவான்? ஒங்க சீலை நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்று தாள்களைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படி இறங்கும்போது, ‘தூ, இவனெல்லாம் ஒரு மனுஷன்’ என்று மகனுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். பெரிய உத்தமி நான்!

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் போனில் வந்தார். அவருடைய கம்பெனிக்கு வேலை பார்க்கிற வக்கீலம்மாவிடம் கேட்டிருக்கிறார். “ஏளா, ரெண்டு தேதியையும் அப்படியே வச்சு, ஏன் மாறிச்சுன்னு ஒரு கடுதாசி எழுதி நீ கையெழுத்துப் போட்டாப் போதுமாம். அந்தம்மா சொல்லுதாவ” என்றார்.

“என்னன்னு எழுதச் சொல்லுதீய? பள்ளிக்கூடத்துல பொய் சொன்னேன்னா?”

“அதானளா நடந்துச்சு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் பதினாறு வருஷமாக ஏற்றுமதிக் காகிதம் போடுகிறவள். ஒரு தேதி மாறினால் கண்டெய்னர் கேட்டிலேயே நின்றுவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள். நான் பொய்க்காரி என்று நானே எழுதி, கண்காணாத தேசத்துக்கு அனுப்புவதா? அதைப் படித்துவிட்டு மொத்தக் குடும்பத்தையும் மோசடிக்காரர்கள் என்று தள்ளிவிட்டால்? “அதெல்லாம் வேண்டாம். தேதியை முறைப்படி திருத்திட்டே அனுப்புதேன்” என்றேன்.

கடலில் கிடந்தவர் கரைக் காரியம் எதிலும் என்னை மீறியதில்லை. “ஒனக்குத் தெரியாத பேப்பரா? நீ சொல்லுதபடியே செய்யி” என்றார். அந்த ஒரு தடவையாவது மீறியிருக்கலாம்.

அதன் பிறகு நான் ஏறி இறங்கிய படிகளை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பழைய ரிஜிஸ்டரை எடுத்து வந்த பெண் ஒவ்வொரு பக்கத்தையும் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுத் திருப்பினாள். என் கையெழுத்து வந்ததும், “நீங்கதான போட்டிருக்கீய?” என்றாள். இங்கே திருத்த முடியாது, கல்வி அலுவலகம் போங்கள் என்றார்கள். கல்வி அலுவலகத்தில் மூன்று நாள் அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். நாலாம் நாள் என் மனுவின் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழம்பு வட்டத்தோடு அந்தத் தாளை எடுத்து, இத்தனை வருஷம் கழித்துக் கோர்ட் உத்தரவு இல்லாமல் மார்க் ஷீட்டைத் தொட முடியாது என்றார்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் முதலில் மார்க் ஷீட்டைத் திருத்திவிட்டு வாருங்கள் என்றார்கள். வழியில் ஒவ்வொரு ஜெராக்ஸ் கடையிலும் என் பிள்ளை பிறந்த கதையை யாரோ ஒருவன் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நகல் எடுத்தான். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

ஏப்ரல் கடைசியில் இங்கே ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டேன். எப்போது விசாரணை என்று கேட்டேன்.

“மே மாசம் முழுக்கக் கோர்ட் லீவும்மா. ஜூன்ல பாப்போம்” என்றார், பல்லைக் குத்திக்கொண்டே.

பாஸ்போர்ட்டில் இருந்த அந்தத் தேதி வந்தது. காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது மகன் அடுக்களைக்குள் வந்து போனை நீட்டினான். பேங்கும், சிம் கார்டு கம்பெனியும், இன்சூரன்ஸும் அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தன. கேக் படம் வேறு.

“ம்மா, எனக்கு இன்னைக்கு இருபத்திரண்டாம்” என்று சிரித்தான்.

இருபத்தொன்றரை வயதுப் பிள்ளை என் கண் முன்னால் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறான், உலகத்திலுள்ள எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது தெரியாது.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. ஜூனில் வீட்டுக்காரர் பேசும்போது குரலே சரியில்லை. அவருடைய யார்டில் வேம்பார்க்காரர் ஒருவர் வேலை பார்க்கிறார். அவரும் முன்பு கப்பலில் ஓடியவர். அவர் மகளுக்கும் இதே கதைதான், லீவுக்குள் பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். அவசரத்தில் பொய் சொன்னேன், சரியான தேதி இது, சான்று இது என்று. அங்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. மகள் போன வாரம் விமானம் ஏறி வந்துவிட்டாள்.

“அரைப் பக்கம்ளா” என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு ஏஜெண்டின் எச்சிலைப் பார்த்து வந்ததைப் போல ஆயிரம் மடங்கு. அவனாவது பிழைப்புக்காகப் பொய் செய்யத் தயாராக இருந்தான். நான் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு உண்மையை எழுதத் துணியவில்லை. முறை, சட்டம் என்று நான் அலைந்ததெல்லாம் வேஷம். அந்தக் கிளார்க்கிடம் சொன்ன பொய்யை என் கையாலேயே ஒத்துக்கொள்ளக் கூசினேன், அவ்வளவுதான். கூச்சம் எனக்கு, தண்டனை அவனுக்கு. சீ!

வழக்கு என்று போன பிறகு கடுதாசி மட்டும் செல்லாது, தீர்ப்பும் வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். கோர்ட் இன்றைக்கும் வாய்தா கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்காகக் காத்திருந்தால் வீட்டுக்காரருடைய வேலை அனுமதி முடிந்துவிடும் என்பதால், ஜூலையில் மற்ற மூன்று பேருக்கு மட்டும் விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. ஏஜெண்ட் யாரும் வேண்டாம், நானே போடுகிறேன் என்றான் மகன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தான். அப்பா பெயர், என் பெயர், தங்கச்சி பெயர் என்று ஒவ்வொன்றாக அடித்து, எழுத்துக்கு எழுத்து என்னிடம் வாசித்துக் காட்டினான். உடன் வராத பிள்ளைகள் என்று கடைசியில் ஒரு பகுதி வந்தது. அதில் அவன் தன் பெயரைத் தானே அடித்தான். பிறகு நிறுத்தினான்.

“ம்மா, இங்கன என் வயசு கேக்குது. என்ன போட?”

திரும்பி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். மகள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இருபத்திரண்டுன்னு போடுய்யா” என்றேன்.

போட்டான்.