தூக்கம் வர ஒரு புத்தகம்

குழாய் இன்ஜினியர் ஒருவர் ஓய்வு பெற்றதும் கழிவுநீர்க் குழாய்களின் வரலாற்றைத் தலையணை தண்டிக்கு எழுதி, தானே அச்சடித்து, ஆன்லைனில் விற்பனைக்கு வைத்தார். ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. புத்தகக் கட்டுகள் கட்டிலுக்கடியில் கிடக்க, பெருக்க வழியில்லாமல் மனைவி புலம்பினாள்.

இணைய விளம்பர வேலை பார்க்கும் தங்கை வந்து பார்த்தாள். "அண்ணே, சாக்கடைன்னு யாரு நெட்ல தேடுறாங்க? பாதிப் பேரு தூக்கம் வரலைன்னுதான் தேடுறாங்க. அதையே புத்தக விவரத்துல போடுவோம்."

"என் புத்தகம் என்ன தூக்க மாத்திரையா?"

"நான் மூணாம் பக்கம் தாண்டினதே இல்லீங்க," என்று மனைவி சாட்சி சொன்னாள்.

மனம் நொந்துதான் சம்மதித்தார். 'படுத்ததும் தூக்கம் வர ஒரு புத்தகம்' என்று விவரத்தை மாற்றியதும், தூக்கத்தைத் தேடியவர்கள் கண்ணில் அதுவே முதலில் பட்டது. கட்டுகள் மளமளவென்று குறைந்தன.

ஒரு நாள் இன்ஜினியர் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், வாங்கியவர் ஒருவர் போனில் சீறினார். "என்ன சார், இப்படி ஏமாத்திட்டீங்க? கீழ வைக்கவே முடியலை. விடிய விடியப் படிச்சுட்டு ஆபீஸ்ல தூங்கி வழிஞ்சேன்!"

இன்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், "எந்த அத்தியாயத்துல சார் தூக்கம் போச்சு?" என்று கேட்டுவிட்டார்.

இருவரும் பேசி முடிப்பதற்குள் இன்ஜினியரின் சாப்பாடு ஆறிப்போனது.